படத்தில் இல்லாத சொல்

ஜூன் 9, திங்கள்

இன்று காலை அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு முழுதும் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரியும், பதில் சொல்லத்தான் வராது என்று டாக்டர் சொன்னார். மகன் செழியன் புனேயிலிருந்து வந்திருக்கிறான். கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் அழவில்லை. அதை அஞ்சலை கவனித்தாள். தினமும் காலையில் வந்து அவரைத் துடைத்து, துணி மாற்றி, தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போக அவளை அமர்த்தியிருக்கிறோம்.

"பஸ்ஸையே நிறுத்தி வச்சு அதட்டுன வாயி. இப்பப் பாருங்கம்மா, ஈ ஒக்காந்தாக்கூட ஓட்ட முடியல" என்றாள்.

"நீ ஓட்டு" என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கும் அதே பார்வையை எங்கள் இரண்டு பேர் மீதும் பதித்தார். பால் கூடுதலாகச் சொல்லியாயிற்று. மாவு அரைக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

செழியன் ஊருக்குப் போய்விட்டான். இனி இதை எழுதலாம்.

மாடியில் குடியிருந்த பிரிசில்லா ஜனவரியில் வீட்டைக் காலி செய்தபோது தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். "ஆன்ட்டி, உங்களுக்குக் கத படிக்கப் பிடிக்கும்ல. இதுல ஒண்ணு இருக்கு. படம் வரும், ஆளுங்க பேசுவாங்க, மழ பெய்யுற சத்தம்கூடக் கேக்கும். ஆனா நீங்க ஒவ்வொரு வரியா அழுத்தி அழுத்திப் படிக்கணும்" என்றாள். விஷுவல் நாவல் என்று பெயராம். ஜப்பான்காரர்கள் செய்வது.

ஒரு சின்னத் தீவு. அங்கே படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் சாயோ என்ற பெண். தீவுக்கு வந்து இறங்குகிற ஆள் யார் என்றால், படிக்கிறவர்தான். பெயரைக் கேட்கும். "தையல்நாயகி" என்று அடித்தேன், இடம் போதாமல் "தையல்" என்று நின்றது. ஆரம்பப் பகுதியை யாரோ இங்கிலீஷில் மாற்றிவைத்திருந்தார்கள். என் இங்கிலீஷ் நானாகப் படித்தது, மருந்துச் சீட்டிலும் பேப்பரிலும். அது போதுமாக இருந்தது. இரண்டாவது அத்தியாயத்தில் சாயோ ஒரு கதவைத் திறக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வருகிறாள். அந்த இடத்தில் எழுத்து ஜப்பான் எழுத்தாக மாறிவிட்டது.

பிரிசில்லாவுக்குப் போன் செய்தேன். "யாரோ ரசிகர்ங்க சும்மா பண்ணது ஆன்ட்டி. பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க. மிச்சம் ஜப்பான் பாஷைல மட்டும்தான் இருக்கு" என்றாள். அப்படியானால் அதைப் படித்துக்கொள்கிறேன் என்றேன். சிரித்தாள். சிரிப்பு முடியும்வரை காத்திருந்துவிட்டுப் போனை வைத்தேன்.

பிப்ரவரியில் எழுத்துகளை முடித்தேன். மே மாதத்துக்குள் கொஞ்சம் சொற்கள், கொஞ்சம் வாக்கியம். நம் பாஷை போலவே வினை கடைசியில் வருகிறது. சொல்லோடு வேற்றுமை ஒட்டிக்கொள்கிறது. இங்கிலீஷை விட இது எனக்குப் பிடிபட்டது. அவர் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் "என்னடி சைனாக்காரி, பாடம் ஆச்சா" என்பார். ஒருமுறை என் விரல் உள்ளே இருக்கும்போதே லேப்டாப்பை மூடினார். சனிக்கிழமை பழைய இரும்புக்காரனிடம் அதைப் போட்டுவிடப்போவதாகச் சொல்லியிருந்தார். முந்தின நாள் வெள்ளிக்கிழமை, மே 23, குளியலறையில் விழுந்தார்.

சனிக்கிழமை, ஆஸ்பத்திரிக்குத் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்த நேரம், பழைய இரும்புக்காரன் வாசலில் நின்றான். "அய்யா வரச்சொன்னாரும்மா" என்றான். போடுவதற்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க ரெஹானா என்ற பெண் வந்தாள். சின்ன வயது, நல்ல பேச்சு. அவரை "சம்பந்தம் சார்" என்று கூப்பிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, மொத ஆறு மாசம்தான் முக்கியம். அதுக்குள்ள மூளை திரும்பக் கத்துக்கும். அப்புறம் எவ்வளவு பண்ணாலும் கஷ்டம்" என்றாள். ஒரு கட்டுப் படக் கார்டுகள் கொடுத்தாள். நாய், குடை, நாற்காலி, தண்ணீர், நிலா, கை, இப்படி. "தெனம் ஒரு மணி நேரம். படத்தக் காட்டிப் பேரச் சொல்லுங்க. அவர் சொல்லலன்னாலும் விடாதீங்க. ஒரே சொல்லத் திரும்பத் திரும்பச் சொல்லணும். சரியாச் சொன்னா, சரின்னு ஏதாவது அடையாளம் காட்டுங்க. நான் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவதான் வருவேன். மருந்து நீங்கதான்."

எந்த நேரம் வசதிப்படும் என்று கேட்டாள். அஞ்சலை போன பிறகு, சமையலுக்கு முன்னால், ஒரே ஒரு மணி நேரம்தான் எனக்கு இருக்கிறது. அதைச் சொன்னேன். அந்த நேரத்தில்தான் நான் பிப்ரவரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

நாய் என்றேன். சுவரைப் பார்த்தார்.

ஜூன் 24, செவ்வாய்

குடை என்றேன். நாற்காலி என்றேன். இடது கையால் கட்டு முழுவதையும் தட்டிவிட்டார். கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தன. முட்டி போட்டுப் பொறுக்கினேன். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பழைய சிரிப்பு, பாதி வாயில் மட்டும்.

இன்றோடு லேப்டாப்பைத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. படித்ததெல்லாம் மறந்துகொண்டு வருகிறது.

ஜூலை 2, புதன்

கார்டுகளின் பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. அதில் பேனாவால் ஜப்பான் சொல்லை எழுதிக்கொண்டேன். படம் அவர் பக்கம், எழுத்து என் பக்கம். அவருக்குப் படம் காட்டின மாதிரியும் ஆயிற்று, எனக்குப் பாடம் ஆன மாதிரியும் ஆயிற்று. நாய் என்று சொல்லும் இடத்தில் "இனு" என்றேன். குடைக்கு "காஸா". திரும்பத் திரும்பச் சொன்னேன், ரெஹானா சொன்ன மாதிரியே.

அவர் சுவரைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார்.

அவருக்கு என் குரல் கேட்டால் போதும் என்றுதானே அந்தப் பெண் சொன்னாள்.

ஜூலை 13, ஞாயிறு

அஞ்சலை வேர்க்கடலை வாங்கி வந்திருந்தாள். பொட்டலம் கட்டிய காகிதம் ஏதோ பள்ளிக்கூட நோட்டுத் தாள்.

செழியன் பிறந்த வருஷம் நான் வார இதழில் ஒரு தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன். வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து ஊசி நூலால் தைத்து வைப்பேன். அப்படி ஒரு அலமாரி நிறைய இருந்தது. ஒரு நாள் குழந்தை அழுதது எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் அலமாரி காலி. கடைத்தெருவில் கடலைக்காரனிடம் கொடுத்துவிட்டார். சாயங்காலம் வரும்போது கடலைப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்தார். நான் தைத்த ஓட்டை தாளின் ஓரத்தில் இருந்தது. அவர் தங்கை ஊரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் பொட்டலத்தை என்னிடம் நீட்டி "இந்தா, படி" என்றார். "மிச்சம் வேணும்னா தெனம் பத்துப் பொட்டலம் வாங்கு. எங்கயாவது ஒண்ணுல இருக்கும்." அவர் தங்கை புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

கடலையைத் தின்றேன். உப்பு குறைவு. தாளையும் படித்தேன். கதையின் நடுப்பக்கம். அந்தக் கதையின் முடிவு இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு வீட்டுக்குள் இதழ் வரவில்லை.

அஞ்சலை கொண்டுவந்த கடலை நன்றாக இருந்தது. அவரால் மெல்ல முடியாது.

ஜூலை 30, புதன்

ரெஹானா வந்தாள். அவள் முன்னால் அவர் வாயைத் திறப்பதில்லை. ஒரு சின்னப் பெண் தனக்கு நாய் காட்டிக் கேட்பது கௌரவக் குறைச்சல். "வீட்ல எப்படிம்மா?" என்றாள். தினமும் ஒரு மணி நேரம் விடாமல் செய்கிறேன் என்றேன். "அதுதாம்மா பெரிய விஷயம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இப்போது அரை மணி கார்டு, அரை மணி கதை. லேப்டாப்பை அவர் கட்டில் பக்கத்து மேசையில் வைத்துக்கொள்கிறேன், பிளக் அங்கேதான் இருக்கிறது. சாயோ பேசுவாள், நான் அதே மாதிரி திருப்பிச் சொல்வேன். தெரியாத எழுத்தை விரலால் போனில் வரைந்தால் அகராதி சொல்லிவிடும். எந்தக் கோட்டை முதலில் போடுவது என்று ஒரு முறை இருக்கிறது. அது தவறினால் போன் வேறு எழுத்தைக் காட்டும். ஆரம்பத்தில் ஒரு வரிக்கு ஒரு நாள் ஆனது. இன்று மழைக் காட்சி. படகுத்துறைக் கூரையில் மழை விழுகிறது. சாயோ கவுண்டரின் சன்னலை மூடிவிட்டு, "இன்றைக்குப் படகு வராது, உனக்குச் சந்தோஷமா" என்று கேட்கிறாள். அந்த வரியை அகராதி பார்க்காமல் படித்தேன். மூன்று முறை படித்தேன். நான் அழுத்தாமல் அடுத்த வரி வராது. என் கையிலிருந்து அதை யாரும் வாங்க முடியாது.

கதவுக்குப் பின்னால் இருந்தது சாயோவின் அம்மாவின் தையல் மெஷின். அவ்வளவுதான். அதற்காக இத்தனை மாதம் என்று எனக்குக் கோபம் வரவில்லை. தெரிந்துகொண்டது போதும்.

அவர் தூங்குகிறார் என்று நினைத்தேன். திரும்பினால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாய்ப் படத்தைக் காட்டினேன். நான் சொல்வதற்கு முன்னால் அவர் வாய் கோணிக்கொண்டு திறந்தது. "இனு" என்றார்.

இன்னொரு முறை காட்டினேன். "இனு."

சரி என்பதற்கு அடையாளமாகக் கட்டில் கம்பியில் விரலால் இரண்டு முறை தட்டினேன். செழியனுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். என்னவென்று சொல்வது? வைத்துவிட்டேன். புளி ஊறப்போட்டிருந்தது, அது வேறு அதிகமாக ஊறிவிட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

நாய், குடை, கை, நாற்காலி, தண்ணீர். எல்லாம் வருகிறது. நிலாவுக்கு "ட்ஸுகி." அதில் நாக்கு இடறுகிறது. எனக்கும் ஆரம்பத்தில் இடறியது. தமிழில் காட்டிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் நினைத்தேன். பாதியில் மாற்றினால் குழப்பம்தான் வரும்.

அஞ்சலை இன்று சீக்கிரம் போகவில்லை. கதவருகில் நின்று கேட்டாள். "என்னம்மா அது, பொட்டியோட சேந்து மந்திரம் மாதிரி?"

"உனக்கு நேரமாகலையா" என்றேன்.

செப்டம்பர் 17, புதன்

இந்தக் கதையில் சில இடங்களில் திரை நின்றுவிடும். இரண்டு பதில் வரும், ஒன்றை நாம் எடுக்க வேண்டும். எடுப்பதைப் பொறுத்துக் கதை மாறும். இன்று அப்படி ஒரு இடம். குளிர்காலத்தின் கடைசிப் படகு. சாயோ பெட்டியோடு நிற்கிறாள். மேலே உள்ள பதில் "போகாதே." கீழே உள்ளது, ஒன்றும் சொல்லாமல் இருப்பது. இரண்டையும் உரக்கப் படித்தேன்.

அவர் இடது கையைத் தூக்கித் திரையின் மேல் வரியைக் காட்டினார். "உ, உ" என்றார். படித்த அர்த்தம் அவருக்குத் தெரிய வழியில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் கீழே உள்ளதை அழுத்தினேன். சாயோ படகில் ஏறினாள். கடல் காட்டினார்கள். வெள்ளையாகத் திரை மூடியது. அப்படி ஒரு முடிவும் இதில் உண்டு.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. ஃபேனில் தூசி சேர்ந்திருக்கிறது. அஞ்சலையைத் துடைக்கச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் "போகாதே" என்பதை எடுத்தேன். கதை தொடர்கிறது. இன்னும் நிறைய இருக்கிறது.

இயர்போன் மாட்டிக்கொண்டுதான் படித்தேன். சத்தம் வைத்தால் லேப்டாப் சூடாகிறது. வாய்விட்டுப் படிப்பதற்கும் இப்போது அவசியமில்லை, கண்ணாலேயே ஓடுகிறது. திரையையும் என் பக்கம் திருப்பிக்கொண்டேன், சன்னல் வெளிச்சம் கூசுகிறது.

செப்டம்பர் 22, திங்கள்

இயர்போன் போட்டிருக்கும்போது கார்டு காட்டாமலே சொல்கிறார். "இனு. காஸா. தே. இஸு." தெரிந்ததை எல்லாம் வரிசையாக. நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். திரும்ப ஆரம்பிக்கிறார். அவர் சரியாகச் சொன்னதற்கெல்லாம் நான் கம்பியில் தட்டினேன். அவருக்கு அது போதவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

ரெஹானா வந்தாள். ஏதாவது சொல் வந்ததா என்று கேட்டாள். தமிழில் ஒன்றும் வரவில்லை. இல்லை என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. செழியன் வரவில்லை, போனில் முகத்தைக் காட்டினான். "அப்பா, ஒரு வார்த்த சொல்லுங்கப்பா" என்றான். அவர் உதடு அசைந்தது. நான் போனை என் பக்கம் திருப்பி, அதிரசம் சரியாக வரவில்லை, பாகு முறுகிவிட்டது என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

நவம்பர் 14, வெள்ளி

முடிந்தது.

சாயோவின் கதை முழுவதும், கடைசி வரி வரை, அதற்குப் பிறகு வரும் பெயர்ப் பட்டியல் வரை. பாட்டு ஓடியது. படம் வரைந்தவர், குரல் கொடுத்தவர் என்று ஒவ்வொரு பெயரையும் படித்தேன். இயர்போனைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது, எழுந்து போகவில்லை. அந்த அலமாரி காலியான பிறகு நான் முழுசாகப் படித்து முடித்த முதல் கதை இது. செழியனைப் பெற்றபோதுகூட எனக்கு உடம்பு இப்படி லேசாக இருந்ததில்லை.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புருவம்தான் அவருக்குத் தூக்க வருகிறது. அதைத் தூக்கினார்.

அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

டிசம்பர் 3, புதன்

ஆறு மாதம் ஆகிறது. இன்று ரெஹானா முழுதாகச் சோதித்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. ஒரு சொல்லாவது வந்திருந்தால் புனேயில் ஒரு நல்ல மையத்தில் சேர்த்துத் தொடரலாம், இல்லையென்றால் பயிற்சியை நிறுத்திவிடுவது நல்லது என்று போனிலேயே செழியனிடம் சொல்லியிருந்தாள். அவன் நேற்றே வந்துவிட்டான்.

ரெஹானா எங்கள் கார்டுகளைக் கேட்டாள். காப்பி கொட்டிப் பாழாகிவிட்டது என்றேன். பையிலிருந்து வேறு கட்டு எடுத்தாள்.

முதலில் அவர் சுவரைப் பார்த்தார். செழியன் கட்டில் பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்தான். "அப்பா, எனக்காக. ஒரே ஒரு தடவ." அவர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார முயன்றார். அஞ்சலை ஓடிவந்து முதுகுக்குத் தலையணை வைத்தாள்.

ரெஹானா நாய்ப் படத்தைத் தூக்கினாள்.

"இனு" என்றார்.

செழியனின் கை அவர் கையைப் பிடித்தது. ரெஹானா அடுத்ததை எடுத்தாள். குடை. "காஸா." நாற்காலி. "இஸு." கை. "தே." தண்ணீர். "மிஸு." நிலாவைக் காட்டியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இடறாமல் சொன்னார், "ட்ஸுகி." சுத்தமான உச்சரிப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு என் கையைத் தேடிப் பார்த்தார். என் கை முந்தானைக்குள் இருந்தது.

எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

செழியன் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு ஒவ்வொரு கார்டாக அது வாடிக்கொண்டே வந்தது. "நாய்ப்பா" என்றான். "நாய். நா… ய். சொல்லுங்கப்பா."

"இனு" என்றார் அவர், இன்னும் பலமாக. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் குரல் அது. ஆறு மாதத்தில் இன்றுதான் கேட்டேன்.

ரெஹானா கட்டைக் கலைத்து மறுபடி காட்டினாள். அதே பதில்கள். நெற்றியைச் சுருக்கினாள். "ஒரே படத்துக்கு ஒரே சத்தம்தான் வருது. சும்மா உளர்ற மாதிரி தெரியலையே. வீட்ல வேற பாஷை யாராச்சும் பேசுவீங்களாம்மா? தெலுங்கு, கன்னடம் ஏதாவது?"

"தமிழ்தான்" என்றேன்.

கதவோரம் நின்ற அஞ்சலை வாயைத் திறந்தாள். "அம்மா ஏதோ சொல்லுவாங்களே, அந்தப் பொட்டிய வச்சுக்கிட்டு. தெனம். எனக்கு ஒண்ணும் வெளங்காது."

செழியன் திரும்பினான். "என்னம்மா அது?"

"ஸ்லோகம்."

"நீயா? ஸ்லோகமா?"

"அவரு நல்லாகணும்னு சொல்றேன். சொல்லக் கூடாதா?"

அவன் கண் கலங்கிவிட்டது. என் தோளைத் தொட்டான். ரெஹானா கார்டுகளை ரப்பர் பேண்டில் போட்டாள். "கேட்டுக் கேட்டுப் பதிஞ்சிருக்கும். பாட்டு, மந்திரம் இதெல்லாம் பேச்சுப் போனவங்களுக்கும் வரும். மனப்பாடம் தனி, பேச்சு தனி. அர்த்தம் தெரிஞ்சு வர்றதில்ல இது" என்றாள். அவளுக்கும் வருத்தம்தான். "நாம எல்லாமே பண்ணிட்டோம்மா. இதுக்கு மேல சாரப் போட்டுப் படுத்த வேணாம்."

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் அவருக்கு நன்றாகவே புரியும். ஸ்லோகம் என்று நான் சொன்னதும் புரிந்திருக்கும். முகம் சிவந்தது. "மிஸு" என்றார். "இனு, இனு. காஸா. தே. தே." இருந்த சொற்களை எல்லாம் எடுத்து என் மேல் வீசினார். எச்சில் வழிந்தது. செழியன் முகத்தைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

நான் துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

செழியன் கிளம்பினான். போகும்போது என் காலில் விழுந்து கும்பிட்டான். "நீ மட்டும் இல்லன்னா அப்பா என்ன ஆவாரு" என்றான்.

அதுவும் சரிதான். இப்போது அவர் சொல்வது புரிகிற ஆள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான்.

டிசம்பர் 9, செவ்வாய்

"மிஸு" என்றார். இத்தனை வருஷமும் நாற்காலியில் சாய்ந்தபடி "தண்ணி" என்று ஒரு சத்தம் போடுவார், நான் ஓடுவேன். அதே தோரணை. கேட்பதற்கு அந்தப் பாஷையில் ஒரு மரியாதைச் சொல் உண்டு, "குதாசாய்" என்று. சொல்லிக்கொடுத்தேன். சேர்த்துச் சொன்னால்தான் தம்ளரைக் கையில் கொடுப்பது என்று வைத்தேன்.

மதியம்வரை சொல்லவில்லை. பிறகு சொன்னார். கொடுத்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. அஞ்சலைக்கு இருமல், வரவில்லை. நானே துடைத்துத் துணி மாற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்தேன்.

பிரிசில்லாவிடம் சொல்லி வேறு ஒரு கதை இறக்கிக்கொண்டேன். இதுவும் பெரியது, ஒரு வருஷம் வரும். லேப்டாப்பைத் திறந்து இயர்போனை எடுத்தபோது அவர் இடது கையால் தன் காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு திரையைக் காட்டினார். புதுக் கதையின் படம் அதில் இருந்தது, தலையை ஆட்டி அதில்லை என்றார்.

வாயைத் திறந்தார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ எட்டாத உயரத்திலிருந்து எதையோ எடுப்பது போல இருந்தது.

"சாயோ?" என்றார்.

கடைசியில் குரல் மேலே ஏறியது. கேள்விதான். அந்தப் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. கடைசிப் படகுக்கு முன்னால் கேட்டதைத் தானாகப் பிடித்து இவ்வளவு நாள் வைத்திருந்திருக்கிறார். ரெஹானா இங்கே இருந்திருந்தால் இதைப் பேச்சு என்று சொல்லியிருப்பாள்.

"சாயோ?" என்றார் மறுபடி. அந்த ஒற்றைப் புருவம் தூக்கியபடி நின்றது.

உச்சரிப்பு சரியாக இருந்தது. கட்டில் கம்பியில் இரண்டு முறை தட்டிவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டேன்.